எழுதியது நான், போஸ்டரில் வேறு பெயர்: நாடகம் யாருக்குச் சொந்தம்?

சென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பகலில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை, மாலையில் நாடகம் என்று பல வருடமாக ஓடுபவர். 2016-ல் ஆறு நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறு நாடகக் குழுவைத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கும் பதிவு செய்யவில்லை. ஒத்திகை, குழுவில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில். இன்றைய நகர வாழ்க்கையை மட்டுமே நாடகமாக்குவது என்று முடிவுசெய்து, இதுவரை நான்கு நாடகங்கள் போட்டிருக்கிறார்கள். டிக்கெட் 250 ரூபாய். ஒரு ஷோவுக்கு எண்பது பேர் வந்தால் பெரிய விஷயம்.

பிரச்சினை மூன்றாவது நாடகத்தில். 2022-ல் இவர் எழுதியது. நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோக, ஒரு காவலாளி, வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா, வாடகை பாக்கி வைத்திருக்கும் ஓர் இளைஞன் என்று மூன்று பேர் விடியும்வரை உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். 75 நிமிட நாடகம். 11 முறை மேடையேறியிருக்கிறது. அந்த அம்மாவாக நடித்ததும் இவர்தான். இயக்கியவர் குழுவில் மூத்தவர். இவர் ‘அண்ணா’ என்றே அழைத்துவந்தவர். முடிவுக் காட்சியை மாற்றுவது பற்றிப் போன வருடம் இருவருக்கும் சண்டை வந்து, இவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். இப்போது அதே நாடகம் இன்னும் ஐந்து வாரத்தில் பெங்களூருவில் ஒரு விழாவில் நடக்கப் போகிறது. போஸ்டரில் ‘எழுத்து, இயக்கம்’ இரண்டுக்கும் அண்ணாவின் பெயர்.

போன் செய்து கேட்டிருக்கிறார். “நாடகம் குழுவோடது. ஸ்கிரிப்டை நீ ரிஜிஸ்டர் பண்ணலையே. பாதி ஒத்திகையில உருவானதுதானே” என்று பதில் வந்திருக்கிறது. போனை வைக்கும் முன், “ரொம்பப் பேசினா, போலீஸ் பர்மிஷன் இல்லாம நாம போட்ட ஷோவெல்லாம் வெளியே வரும்” என்றும் சொல்லியிருக்கிறார்.

‘போலீசில் புகார் கொடுக்கலாமா? ஷோவுக்குத் தடை வாங்கலாமா? யோசனையே என்னுடையது, அதை எப்படி அவர் எடுத்துக்கொள்ளலாம்? நான் குழுவில் போட்ட 1,80,000 ரூபாய் திரும்பக் கிடைக்குமா?’ என்று கேட்கிறார். வேறொரு குழு தொடங்கி ஒரு மொழிபெயர்ப்பு நாடகம் போடும் எண்ணமும் இருக்கிறதாம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த போலீஸ் மிரட்டலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று 1954-ல் ஒன்று வந்தது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் மேடையேற வேண்டும் என்ற பழக்கம் அதை வைத்துத்தான் வருடக்கணக்காக ஓடியது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை நிறுத்துவதற்காக வந்த சட்டம் என்று நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். ‘பரீக்ஷா’ குழுவை நடத்திய ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம், அதன் முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்தது. நீங்கள் குழு தொடங்கியது அதற்கு மூன்று வருடம் கழித்து. அரங்க நிர்வாகம் சில சமயம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கேட்கும். அது கூட்டம், வண்டி நிறுத்தம், ஒலிபெருக்கி சம்பந்தப்பட்டது. உங்கள் வசனத்துக்கு யாரிடமும் முத்திரை வாங்க வேண்டியதில்லை. உங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்காக ஒருவர் நீதிமன்றப் படியேறி வாங்கிக் கொடுத்த சுதந்திரம் அது. ரத்தான அந்தச் சட்டத்தைக் காட்டி ஒரு நாடகக்காரர் இன்னொரு நாடகக்காரரைப் பயமுறுத்துவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடுமா?

போகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த அந்த நிமிடமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது விருப்பத்துக்கு உட்பட்டது. பின்னால் தகராறு வந்தால் சாட்சியாகப் பயன்படும், அவ்வளவுதான். ‘பிரதியை எனக்கு நானே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்க வேண்டுமோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் தேவையில்லை. முதல் வரைவு எழுதிய நோட்டு, கூகுள் டாக்ஸில் தேதிவாரியாக இருக்கும் பழைய வடிவங்கள், ‘ரெண்டாவது சீன் அனுப்பியிருக்கேன், படிச்சிட்டுச் சொல்லுங்க’ என்று அண்ணாவுக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், ‘எழுத்து’ என்று உங்கள் பெயர் போட்ட 2022-ஆம் ஆண்டு போஸ்டர் எல்லாம் அந்தத் தபால் உறையைவிடப் பல மடங்கு வலுவான சாட்சிகள். இன்றைக்கே எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

‘நாடகம் குழுவோடது’ என்பதும் சட்டப்படி நிற்காது. பதிவு செய்யாத ஒரு நண்பர் கூட்டம் சட்டத்தின் கண்ணில் ஒரு தனி நபரே அல்ல. அதன் பெயரில் எதுவும் சொந்தமாக இருக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர், வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்கு உரிமை போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் சம்பளம் வாங்கவில்லை, கைக்காசு போட்டிருக்கிறீர்கள். உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அப்படி எதிலும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்கிறீர்கள். சரி, நல்லது.

இதுவரை உங்களுக்குச் சாதகமானவை. இனி சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

‘யோசனையே என்னுடையது’ என்று கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. நம் நாட்டில் இதைத் தீர்மானித்த வழக்கே ஒரு நாடக ஆசிரியரின் வழக்குதான். ஆர்.ஜி. ஆனந்த் என்பவர், பிராந்திய வெறி பற்றித் தான் எழுதி மேடையேற்றிய நாடகத்தை எடுத்துத் திரைப்படமாக்கிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 1978-ல் உச்ச நீதிமன்றம், கரு ஒன்றாக இருக்கலாம், அதைச் சொன்ன விதம் வேறு, ஆகவே உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. நாடக ஆசிரியர் தோற்றுப்போனார். லிஃப்டில் மூன்று பேர் மாட்டிக்கொள்வது என்ற கருவை வைத்து நாளைக்கு அண்ணா புதிதாக ஒரு நாடகம் எழுதினால் உங்களால் தடுக்க முடியாது. உங்கள் வசனம், காட்சிகளை நீங்கள் கோத்த வரிசை, அந்த மூன்று பேரை நீங்கள் வளர்த்துக்கொண்டு போன விதம், இவைதான் உங்களுடையவை. பெங்களூருவில் அவை அப்படியே நடக்கப் போகின்றன என்பதுதான் உங்கள் வழக்கு. எந்தக் கடிதம் எழுதினாலும் ‘என் ஐடியாவைத் திருடிவிட்டார்’ என்று எழுதாதீர்கள். ‘என் பிரதியை என் அனுமதியின்றி மேடையேற்றுகிறார்’ என்று எழுதுங்கள்.

இயக்குநர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மேடை நாடகத்தை இயக்கியதற்காக மட்டும் ஒருவருக்குப் பதிப்புரிமை தரும் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. ஆனால் நாடகப் படைப்பு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் வசனம் மட்டும் இல்லை. எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருக்கும் காட்சி அமைப்பும் நடிப்பு வடிவமும் அதற்குள் வருகின்றன. நான்கு மூங்கில் கழிகளை நடிகர்களே பிடித்துக்கொண்டு நின்றால் அதுதான் லிஃப்ட், மூச்சு முட்டும்போது கழிகள் உள்ளே நெருங்கும் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே எனக்குக் காட்சி தெரிந்தது. அது அண்ணாவின் கற்பனை என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அந்த அசைவுகளை நோட்டில் எழுதி வைத்திருந்தால், அந்தப் பகுதி தன்னுடையது என்று அவர் வாதாட இடமிருக்கிறது. இந்த நாடகத்தை நாளைக்கு நீங்கள் புதுக் குழுவோடு போடும்போது மூங்கில் கழிகளை விட்டுவிடுங்கள். வேறு லிஃப்ட் செய்துகொள்ளலாம்.

நான்காம் காட்சி

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஓர் இடம். ‘நாலாவது சீனில் செக்யூரிட்டி தன் ஊரைப் பற்றிப் பேசும் பத்து நிமிடம் ஒத்திகையில் வந்தது, அதில் நடித்த பையன் பேசியதை நான் உட்கார்ந்து டைப் செய்தேன், நாடகம் முடிந்ததும் எல்லோரும் அந்தப் பேச்சைப் பற்றித்தான் கேட்பார்கள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தம்பி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர் என்றும், சொன்னது அவருடைய அப்பாவின் கதை என்றும் அடைப்புக்குறிக்குள் இருந்தது.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆசிரியர் யார்? ஒருவர் வாயால் சொல்ல இன்னொருவர் டைப் செய்தால், டைப் செய்தவர் ஆசிரியர் ஆகிவிட மாட்டார். நீங்கள் வெட்டி ஒட்டி, வாக்கியம் மாற்றி, முன்பின் காட்சிகளோடு பொருத்தியிருப்பீர்கள். பங்களிப்புகளைப் பிரிக்க முடியாத அளவுக்கு இருவரின் உழைப்பும் கலந்திருந்தால் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பு என்கிறது. பிரித்துப் பார்க்க முடியும் என்றால், அந்தப் பேச்சு அவருடையது, மற்றக் காட்சிகள் உங்களுடையவை. அவர் பேசிய பேச்சும் நீங்கள் டைப் செய்த பக்கமும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்பதைப் பொறுத்து முடிவு மாறும். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்குப் பங்கு உண்டு. கூட்டாகச் சொந்தமான படைப்பை மற்றவரைக் கேட்காமல் ஒருவர் மட்டும் பயன்படுத்தவோ யாருக்கும் அனுமதி தரவோ கூடாது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட நிலை. அது அண்ணாவைக் கட்டுப்படுத்துவது போலவே உங்களையும் கட்டுப்படுத்தும்.

2022 போஸ்டரில் அவர் பெயர் நடிகர் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் இப்போது எதற்காகத் தூக்கமில்லாமல் இருக்கிறீர்களோ, அதே குறை இரண்டு மூன்று வருடமாக அவர் மனதிலும் இருந்திருக்கலாம். யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சின்னக் குழுக்களில் எல்லோரும் எல்லாம் செய்கிறோம், பெயர் போடும்போது மட்டும் இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். அந்தத் தம்பி இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார் என்கிறீர்கள். அண்ணாவுக்குக் கடிதம் போகும் முன் நீங்கள் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். ‘உன் பங்கை நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். உங்களுக்குச் சாட்சியாக வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

அந்த வாட்ஸ்அப் செய்தி

முதல் ஷோ முடிந்த இரவு, குழுவின் வாட்ஸ்அப்பில் ‘இது நம்ம நாடகம், நம்ம எல்லாருக்கும் சொந்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியால் எல்லாம் போய்விட்டதா என்று பயப்படுகிறீர்கள். போகவில்லை. மகிழ்ச்சியில் எழுதிய வரி, கையெழுத்திட்ட உரிமை மாற்று ஆவணம் ஆகாது. ஆனால் அந்த வரியையும், பிறகு எந்த ஆட்சேபமும் இல்லாமல் நீங்களே நடித்த 11 ஷோக்களையும் காட்டி, ‘மேடையேற்ற எனக்கு அனுமதி இருந்தது’ என்று அவர் வாதாடலாம். அந்த வாதத்தை நீதிபதி சுலபமாகத் தள்ளிவிட மாட்டார். ஆகவே பழைய ஷோக்களைக் கிளறாதீர்கள். ‘இதுவரை இருந்த வாய்மொழி அனுமதியை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன், இனி எழுத்து ஒப்பந்தத்தின் பேரில்தான்’ என்று தேதி போட்டு எழுதுங்கள்.

‘நாங்க அமெச்சூர்தானே, எங்களுக்கு அனுமதி வேண்டாம்’ என்று இன்னொரு வாதமும் வரக்கூடும். அமெச்சூர் குழு, கட்டணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு நடத்தினால் உரிமை மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. 250 ரூபாய் டிக்கெட் போட்ட ஷோவுக்கு அது பொருந்தாது.

போலீசா, கோர்ட்டா, கடிதமா?

போலீசுக்குப் போகும் வழி சட்டத்தில் இருக்கிறது. பதிப்புரிமையைத் தெரிந்தே மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனாலேயே இதைத் தொடாதீர்கள் என்கிறேன். கூட்டு உழைப்பும் வாய்மொழி அனுமதியும் கலந்து கிடக்கும் ஒரு விஷயத்தில், பத்து வருடம் பழகிய ஒருவரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்த பிறகு பேச்சுக்கு இடமே இருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் நீங்கள் கேட்பது அதுவும் இல்லை. உங்கள் பெயர் வேண்டும், முடிவுக் காட்சி நீங்கள் எழுதியபடி இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறீர்கள்.

தடை வழக்கு போடலாம். பதிப்புரிமை வழக்கை நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போட 62-ஆம் பிரிவு வழி செய்கிறது. பெங்களூருவுக்கு அலைய வேண்டாம். ஐந்து வாரம் என்பது இடைக்காலத் தடை கேட்கப் போதுமான காலம்தான், ஆனால் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போடப் போட ‘இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்’ என்ற கேள்வி பெரிதாகும். செலவையும் யோசியுங்கள். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நீங்கள் எடுக்க வேண்டிய விடுப்பு எல்லாம் சேர்த்தால், இந்த நாடகம் 11 ஷோவில் வசூலித்ததைத் தாண்டிவிடலாம். நான்காம் காட்சி விஷயத்தில் அவர்கள் தரப்பு உங்களைத் திருப்பிக் கேட்கவும் வாய்ப்பிருக்கிறது. கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால் மட்டும் இந்த வழி.

நான் சொல்வது கடிதம், அதன் முடிவில் ஓர் ஒப்பந்தம். உங்கள் கையில் இருக்கும் வலுவான பிரிவு 57. படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று உரிமை கொண்டாடவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் ஆசிரியருக்கு அது உரிமை தருகிறது. பதிப்புரிமையை முழுவதும் விற்றுவிட்டாலும் இந்த உரிமை கூடவே இருக்கும். சிற்பி அமர்நாத் சேகல், டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டபோது இந்தப் பிரிவை வைத்துத்தான் போராடினார். 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிஞ்சிய சிற்பத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. அதற்காக முடிவுக் காட்சியில் ஒரு வரியை மாற்றினாலே சிதைவு என்று நினைத்துவிடாதீர்கள். நாடகத்தின் அர்த்தமே புரண்டுபோய் உங்கள் மதிப்புக்குக் கேடு வருகிறது என்று காட்ட வேண்டும். பெயர் விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லை.

கடிதத்தில் மிரட்டல் தொனி வேண்டாம். ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று ஒருவரை மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போக 60-ஆம் பிரிவில் இடமுண்டு. இப்படி எழுதலாம்:

‘அண்ணாவுக்கு வணக்கம். இந்த நாடகத்தின் பிரதியை 2022-ல் நான் எழுதினேன். நான்காம் காட்சியின் பேச்சில் நம் குழு நடிகருக்கும் பங்கு உண்டு. பெங்களூரு போஸ்டரில் எங்கள் பெயர் இல்லை. இதுவரை இருந்த வாய்மொழி அனுமதியை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். நாடகம் நடக்கக் கூடாது என்பது என் விருப்பம் அல்ல. எழுத்தில் எங்கள் பெயர், இயக்கத்தில் உங்கள் பெயர் என்று திருத்தி, இணைத்துள்ள உரிம ஒப்பந்தத்தில் பத்து நாளுக்குள் கையெழுத்திட்டால் பெங்களூரு ஷோவுக்கு அனுமதி தருகிறேன்.’

நடிகரின் பெயரை அவர் சம்மதித்த பிறகே சேருங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால், விழா அமைப்பாளர்களுக்கு இதே செய்தியை ஆதாரங்களோடு அனுப்புங்கள். யாரையும் திருடன் என்று எழுத வேண்டாம். பல விழாக்களில் நாடக ஆசிரியரின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். உங்கள் கடிதம் வந்ததும் அவர்களே அண்ணாவிடம் பேசுவார்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை:

- எத்தனை ஷோ, எந்த ஊர்கள், எந்த மொழி, எதுவரை. காலம் எழுதாமல் உரிமையை மாற்றிக் கொடுத்தால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா முழுவதும். உரிமையை மாற்றித் தராமல் அனுமதி மட்டும் தருகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள்.
- போஸ்டர், அழைப்பிதழ், இணைய விளம்பரம் எல்லாவற்றிலும் இயக்குநர் பெயர் இருக்கும் அதே அளவில் எழுதியவர்கள் பெயர்.
- ஒரு ஷோவுக்கு ஒரு தொகை, அல்லது வசூலில் ஒரு பங்கு. எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. நூறு ரூபாய் வசூலில் எட்டோ பத்தோ கேளுங்கள். எண்பது பேர் பார்க்கும் நாடகத்தில் அதற்கு மேல் கேட்டால் விளக்கு வாடகைக்குக் கூட மிஞ்சாது.
- முடிவுக் காட்சியில் மாற்றம் என்றால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1,80,000 ரூபாயைக் கடனாகக் கொடுத்தீர்களா, குழுச் செலவுக்குப் போட்டீர்களா? எங்கும் ‘கடன்’ என்று எழுதாதபோது பங்களிப்பு என்றே பார்க்கப்படும். கடன் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று வருடத்துக்கு முந்தையதை வசூலிக்கக் காலவரம்பு தடுக்கும், இடையில் அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. இந்தப் பணத்துக்காகப் போராட வேண்டாம் என்பது என் எண்ணம். குழுவின் பெயருக்காகவும் போராட வேண்டாம்; அதில் ஆறு பேரின் உழைப்பு இருக்கிறது.

உங்கள் பாத்திரத்தை இப்போது வேறொருவர் நடிக்கிறார் என்பதை நடிகையாக உங்களால் தடுக்க முடியாது. யூடியூபில் இருக்கும் பழைய வீடியோ வேறு விஷயம். அதில் நடித்திருப்பது நீங்கள். ஒப்புதல் இல்லாமல் பதிவுசெய்து வெளியிட்டிருந்தால், மேடையில் நடிப்பவர்களுக்குச் சட்டம் தரும் நிகழ்த்துநர் உரிமையின்படி கேள்வி கேட்கலாம். ஆனால் அன்றைக்குக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவர்களில் நீங்களும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்களே. வீடியோவுக்குக் கீழே எழுத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

புதிய குழுவுக்கு

இந்த முறை பதிவு செய்துவிடுங்கள். ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதியலாம். வருடா வருடம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். கணக்கு வேலை பார்ப்பவர் நீங்கள், உங்களுக்கு அது பாரமாக இருக்காது. நாடக டிக்கெட் ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாதவரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதைவிட முக்கியம், ஒத்திகை தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது: பிரதி யாருடையது, ஒத்திகையில் பிறக்கும் வசனத்துக்கு எப்படிப் பெயர் போடுவோம், ஒருவர் விலகினால் நாடகம் என்னவாகும். முதல் நாளில் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். பேசிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு நாடகம் பற்றி, ‘எழுதியவர் இறந்துவிட்டார், அதனால் அனுமதி வேண்டாம்தானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். இறந்த வருடத்துக்குப் பிறகு 60 வருடம் பதிப்புரிமை தொடரும். ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட் 1956-ல் காலமானார், ஆகவே இந்தியாவில் 2017 முதல் அவர் நாடகங்களை யாரும் போடலாம். சாமுவேல் பெக்கெட் 1989-ல் காலமானார், 2049 முடியும்வரை அனுமதி வேண்டும். வங்க நாடக ஆசிரியர் பாதல் சர்க்கார் 2011-ல் காலமானார். அவருக்கு 2071 முடியும்வரை. மூல ஆசிரியரின் காலம் முடிந்திருந்தாலும், நீங்கள் எடுத்துக்கொள்ளும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக உண்டு. அவரிடம் கேளுங்கள், அவர் பெயரையும் போஸ்டரில் போடுங்கள்.

இந்த வாரத்துக்குள் அந்தத் தம்பியைப் பார்த்துவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை வைத்து மேலே உள்ள கடிதத்தின் மூன்றாவது வரி மாறும். அது தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், ஒப்பந்த வரைவைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.